முருகனுக்குப் பக்கத்தில் ஒரு கார் புத்தகம்

எங்கள் வீட்டுச் சாமி அலமாரியில் திருச்செந்தூர் முருகன் படத்துக்கு இடது பக்கம் ஒரு கார் புத்தகம் இருந்தது. புதுக் கார் வாங்கினால் கூடவே கொடுப்பார்களே, எந்தப் பட்டனை அமுக்கினால் என்ன நடக்கும் என்று சொல்கிற தடிப் புத்தகம், அதுதான். வந்த பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்காமல், மேலே சந்தனம் வைத்துக் குங்குமம் இட்டு, பெரியப்பா தன் கையாலேயே அதை அங்கே கொண்டு வைத்தார். தினமும் முருகனுக்குக் காட்டும் சாம்பிராணியில் அதற்கும் ஒரு பங்கு போய்க்கொண்டிருந்தது.

இதை யாரும் விசித்திரமாக நினைக்கவில்லை. மதிப்பான பொருள் எது வந்தாலும் எங்கள் வீட்டில் முதலில் அந்த அலமாரிக்குத்தான் போகும். வீட்டுப் பத்திரம் அங்கே இருந்தது. அப்பாவின் பாஸ்போர்ட் இருந்தது. எனக்கு அம்மை வார்த்தபோது எழுதிய மருந்துச் சீட்டுக்கூட நான் பிழைத்த மகிழ்ச்சியில் அங்கே போய்ச் சேர்ந்து, பிறகு திரும்பவே இல்லை.

பெரியப்பாவுக்கு மீன்பிடித் துறைமுகத்துப் பக்கம் கயிறும் வலையும் விற்கிற கடை. அப்பா அவருக்குத் துணை. இரண்டு குடும்பமும் ஒரே வீட்டில், ஊரைத் தாண்டி உப்பளத்தை ஒட்டி இருந்தோம். பெரியப்பாவுக்கும் பெரியம்மாவுக்கும் பிள்ளைகள் கிடையாது. அதனால் எனக்கும் தம்பிக்கும் செல்லம் கொடுக்க நாலு பேர், அதட்டவும் அதே நாலு பேர்.

பெரியப்பாவைப் போலப் படித்தவர் எங்கள் சொந்தத்தில் இல்லை என்பது அப்போது என்னுடைய முடிவு. காலையில் தமிழ்ப் பேப்பரை முதல் வரியிலிருந்து கடைசிப் பக்கத்துக் கண்ணீர் அஞ்சலி வரை வெறுங்கண்ணால் வாசித்து முடிப்பார். செக்கில் கையெழுத்து இங்கிலீஷில்தான், வளைத்து வளைத்துப் போடுவார். பாங்கிலிருந்தோ துறைமுகத்து ஆபீஸிலிருந்தோ இங்கிலீஷில் தபால் வந்தால் மட்டும் சட்டைப் பையிலிருந்து கறுப்பு பிரேம் போட்ட கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொள்வார். தாளை முன்னும் பின்னும் திருப்பிப் பார்ப்பார். ‘ம்’ என்று ஒரு சத்தம் கொடுத்து, மடித்து அப்பாவிடம் நீட்டுவார். அந்த ‘ம்’முக்கு எங்கள் வீட்டில் இருந்த மரியாதை கலெக்டர் உத்தரவுக்குக்கூட இருந்திருக்காது.

கார் வந்தபோது எனக்கு ஒன்பது வயது. சாவியைத் திருகாமல் பட்டனை அமுக்கி ஸ்டார்ட் பண்ணுகிற கார், எங்கள் தெருவில் அதுதான் முதல். சாவி என்று சொல்லிக் கொடுத்தது ஒரு கறுப்பு டப்பா. தேய்ந்துபோன சோப்புக் கட்டி அளவு இருக்கும். அது சட்டைப் பையில் இருந்தால் போதும், கதவு தானே திறக்கும். பார்க்க வந்தவர்களில் பாதிப் பேர் காரைப் பார்த்தார்கள், மீதிப் பேர் பெரியப்பாவின் சட்டைப் பையைப் பார்த்தார்கள்.

ஆனால் அந்தக் கார் ஆரம்பத்திலிருந்தே பெரியப்பாவோடு கொஞ்சம் விளையாடிக்கொண்டுதான் இருந்தது. பெட்ரோல் பங்குக்குப் போனால் எப்போதும் தப்பான பக்கத்தில்தான் கொண்டுபோய் நிறுத்துவார். முன்னால் வைத்திருந்து விற்ற பழைய வேனில் டேங்க் ஒரு பக்கம், இதில் இன்னொரு பக்கம். இரண்டும் மனசில் குழம்பிவிடும். ‘இன்னைக்கும் அங்கிட்டா அண்ணாச்சி?’ என்று பங்கில் வேலை பார்க்கிறவர் சிரிக்க, பெரியப்பா எதையும் காதில் வாங்காதவர் போல முகத்தை வைத்துக்கொண்டு வண்டியைப் பின்னால் எடுத்து, ஒரு சுற்றுச் சுற்றி, மறுபடி வரிசையில் நிற்பார்.

பின்கதவு இன்னொரு கதை. பெரியம்மா உட்காரும் இடதுபக்கப் பின்கதவு உள்ளேயிருந்து திறக்காது. வெளியிலிருந்து மட்டும்தான் திறக்கும். புதுக் கார் பழுது என்று கம்பெனியில் போய்ச் சொல்லப் பெரியப்பாவுக்குக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. அதனால் எங்கே போய் நின்றாலும் இறங்கி, சுற்றி வந்து, பெரியம்மாவுக்குக் கதவைத் திறந்துவிடுவார். கல்யாண வீட்டு வாசலில் நின்ற பொம்பளைகள் இதைப் பார்த்தார்கள். பெண்டாட்டிக்குக் கதவு திறந்துவிடுகிற மனுசன் என்று பேச்சு கோவில்பட்டி வரைக்கும் போய்விட்டது. பெரியம்மா காரிலிருந்து இறங்குகிற தோரணையே மாறிவிட்டது. முந்தானையைச் சரிசெய்துகொண்டு, கதவு திறக்கும் வரை நேரே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

நான் விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு ஒரு வியாதி உண்டு. எழுத்து என்று எது கண்ணில் பட்டாலும் வாசித்துவிட வேண்டும். வடை மடித்த தாள், உர மூட்டை, நூல்கண்டு அட்டை, எதையும் விட்டதில்லை. இப்படிப்பட்ட பிள்ளைக்கு சரஸ்வதி பூஜை மாதிரி ஒரு தண்டனை வேறு கிடையாது. அன்றைக்குப் புத்தகங்களை எல்லாம் அடுக்கிப் பட்டுத்துணி போர்த்திச் சாமி முன்னால் வைத்துவிடுவார்கள். மறுநாள் விஜயதசமி காலையில் எடுத்துத் தரும்வரை ஒரு எழுத்து வாசிக்கக் கூடாது. வாசித்தால் படிப்பு நம்மை விட்டுப் போய்விடும் என்று பெரியம்மா சொல்லிவைத்திருந்தாள். கார் வருவதற்கு முந்தின வருஷம் மறதியாகக் காலண்டரில் ராகுகாலத்தை வாசித்துவிட்டு, அரைப் பரீட்சை முடியும்வரை பயந்துகொண்டே இருந்தவள் நான்.

அதே நாள்தான் ஆயுத பூஜையும். அந்த வருஷம் விடிந்ததும் பெரியப்பா காரைக் கழுவி, துடைத்து, பூட்டி, மாலை போட்டார். முன்னால் இரண்டு வாழைக்கன்று கட்டினார். கண்ணாடி முழுக்கப் பட்டை பட்டையாகச் சந்தனம். நாலு சக்கரத்துக்கும் நாலு எலுமிச்சம்பழம். பூஜை போட்ட வண்டியை அன்று அசைக்கக் கூடாது, மறுநாள் விடிந்த பிறகுதான் பழத்தின்மேல் ஏற்றுவது என்பது எங்கள் வீட்டுக் கட்டளை.

உள்ளே பெரியம்மா வாளியில் புளித்தண்ணி கரைத்து வைத்திருந்தாள். பூஜைக்கு வைக்கிற இரும்புச் சாமான் எல்லாம் அதில் ஊறித் தேய்பட வேண்டும். அரிவாள்மணை, கயிறு அறுக்கிற கத்தி, கத்தரிக்கோல், ஸ்பேனர் எல்லாம் போயின. பெரியப்பா கார் சாவியைக் கத்தரிக்கோல் இருந்த தாம்பாளத்தில் வைத்துவிட்டுக் குளிக்கப் போயிருந்தார். பெரியம்மா தாம்பாளத்தோடு வாளிக்குள் கவிழ்த்தாள். ஒரு மணி நேரம் ஊறவிட்டுத் தேங்காய்நாரால் தேய்த்து, வெயிலில் காயவைத்து, மூன்று சந்தனப் பொட்டும் வைத்துச் சாமி முன்னால் அடுக்கினாள். சாவி பளபளவென்று இருந்தது. அவள் செய்த வேலையில் ஒரு குறையும் கிடையாது.

பூஜை முடிந்தது. அப்பா கடையில் பூஜை போட பைக்கை எடுத்துக்கொண்டு போனார். மத்தியானச் சாப்பாடு முடிந்து ஆளுக்கொரு மூலையில் படுத்துவிட்டார்கள். எனக்கு மட்டும் கை அரித்துக்கொண்டே இருந்தது. சாமி அலமாரிப் பக்கம் போனேன். கீழே என் புத்தகங்கள் பட்டுக்கடியில் இருந்தன, தொட முடியாது. மேல்தட்டில் முருகனுக்குப் பக்கத்தில் கார் புத்தகம் இருந்தது. அதற்குப் பட்டு போர்த்தவில்லை. பட்டுக்கு வெளியே இருப்பது கணக்கில் சேராது என்று எனக்கு நானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டு, ஸ்டூல் போட்டு ஏறி எடுத்துவிட்டேன்.

வீட்டுக்குப் பின்னால் கயிற்று ரூம். கடையில் இடம் போதாமல் நைலான் கயிறு சுருள் சுருளாக அடுக்கியிருக்கும். சுருளுக்குப் பின்னால் போய் உட்கார்ந்த பிறகுதான் தம்பி பின்னாலேயே தத்தித் தத்தி வந்திருப்பது தெரிந்தது. இரண்டு வயது முடியவில்லை அவனுக்கு. சத்தம் போட்டால் என் கதை முடிந்தது. பாவாடை மடியில் பூஜைப் பொரியும் நிலக்கடலையும் கட்டி வைத்திருந்தேன். ஒரு கை அள்ளி அவன் முன்னால் வைத்தேன். அவன் தின்றான், நான் வாசித்தேன்.

எல்லாம் இங்கிலீஷ். ஆனால் பக்கத்துக்குப் பக்கம் படம் இருந்தது. நான் இங்கிலீஷ் மீடியத்தில் நாலாங்கிளாஸ், தெரியாத வார்த்தையைப் படத்தைப் பார்த்துச் சரிக்கட்டிக்கொண்டேன். முதல் பாடமே சாவிதான். அந்த டப்பாவின் பக்கவாட்டில் உள்ள சின்னக் கொக்கியைத் தள்ளினால் உள்ளேயிருந்து நிஜச் சாவி ஒன்று வெளியே வருகிறது. டப்பாவுக்கு உயிர் போய்விட்டால் அந்தச் சாவியைக் கதவில் போட்டுத் திறக்க வேண்டும். பிரேக்கை மிதித்துக்கொண்டு டப்பாவையே ஸ்டார்ட் பட்டன்மேல் வைத்து அமுக்க வேண்டும். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. பெரியப்பா சட்டைப் பையில் தினமும் சுமக்கிற டப்பாவுக்குள் இப்படி ஒரு ரகசியமா!

அப்புறம் பெட்ரோல் முள் வந்தது. முள்ளுக்குப் பக்கத்தில் ஒரு அம்புக்குறி, டேங்க் எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கம் காட்டுமாம். அதற்கும் அப்புறம் பின்கதவு. சின்னப்பிள்ளைகள் ஓடுகிற வண்டியில் கதவைத் திறந்துவிடாமல் இருக்க, கதவு ஓரத்தில் ஒரு சின்ன நெம்பு உண்டு. அதைக் கீழே தள்ளிவிட்டால் உள்ளேயிருந்து திறக்காது. பெரியம்மாவின் தோரணை எனக்கு ஞாபகம் வந்தது. கம்பெனிக்காரர்கள் யாரோ அந்த நெம்பைத் தள்ளிவிட்டதால் பெரியம்மா ஏழெட்டு மாதமாக மகாராணியாக இருந்திருக்கிறாள். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன்.

அப்போதுதான் தம்பி இருமினான்.

முதலில் சாதாரண இருமல் என்று நினைத்தேன். அது நிற்கவில்லை. முகம் சிவந்தது, கண் பிதுங்கியது, கையால் காற்றைப் பிடிப்பது போல அலைந்தான். முதுகில் தட்டினேன். இருமல் குறைந்து, அதற்குப் பதிலாக மூச்சில் ஒரு விசில் சத்தம் வர ஆரம்பித்தது. இழுத்து இழுத்து, மெல்லிய விசில். இன்றைக்கும் எங்காவது குக்கர் விசில் வருவதற்கு முன்னால் சீறுமே, அந்தச் சத்தம் கேட்டால் எழுந்து போய் அடுப்பை அணைத்துவிடுவேன்.

புத்தகத்தைக் கயிற்றுக்குள் செருகிவிட்டு அவனைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அம்மா பிடுங்கி வாங்கினாள். பெரியம்மா அவனைக் குப்புறக் கவிழ்த்து முதுகில் அடித்தாள். ஒன்றும் வரவில்லை. உதடு கொஞ்சம் கொஞ்சமாக நீலம் பாய்ந்தது.

‘என்னத்தளா முழுங்குனான்? சொல்லுளா’ என்று அம்மா என் தோளைப் பிடித்து உலுக்கினாள். கடலை என்று சொன்னால் எங்கே இருந்தாய் என்று கேட்பார்கள், என்ன செய்தாய் என்று கேட்பார்கள். இது சரஸ்வதி கொடுத்த தண்டனை என்று எனக்கு உறுதியாகத் தெரிந்துவிட்டது. படிப்பை எடுத்துக்கொள்வாள் என்றுதான் பெரியம்மா சொன்னாள், தம்பியை எடுத்துக்கொள்வாள் என்று சொல்லவில்லையே.

ஆம்புலன்சுக்குப் போன் போட்டார்கள், வர அரை மணி நேரம் ஆகும் என்றார்கள். அப்பா துறைமுகத்துக் கடையிலிருந்து வந்து சேரவும் அவ்வளவு நேரம் ஆகும். ஆட்டோ ஸ்டாண்டில் பூஜை, ஒலிபெருக்கிச் சத்தத்தில் போனை யாரும் எடுக்கவில்லை. எதிர்வீட்டு அண்ணாச்சி ஓடி வந்தார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். அவர் வீட்டு பைக்கை மகன் குலசேகரப்பட்டினம் தசராவுக்கு எடுத்துப் போயிருந்தான். பெரியப்பா சாமி முன்னாலிருந்து சாவியை எடுத்துக்கொண்டு காரை நோக்கி ஓடினார். பூஜை போட்ட வண்டி, அசைக்கக் கூடாது என்ற பேச்சை யாரும் எடுக்கவே இல்லை.

சாவியில் இருந்த பட்டனை அமுக்கினார், கார் பேசாமல் நின்றது. வேட்டியால் சந்தனத்தைத் துடைத்துவிட்டு மறுபடி அமுக்கினார். வாயால் ஊதினார், வெயிலில் நீட்டி அமுக்கினார். கதவுக் கைப்பிடியைப் பிடித்து இழுத்தார். அண்ணாச்சி வாங்கித் தானும் அமுக்கிப் பார்த்தார். ‘கப்பல்லேருந்து கண்டெய்னர எறக்குத கையி. ஒரு கதவத் தெறக்க முடியலையே’ என்று அழாத குறையாகச் சொன்னார். அம்மா வாசல்படியில் தம்பியைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றாள். அந்த விசில் அங்கேயும் கேட்டது.

‘கண்ணாடிய ஒடச்சிருவோம்’ என்றார் பெரியப்பா. அண்ணாச்சி கயிற்று ரூமிலிருந்து கடப்பாரையை எடுத்துக்கொண்டு வந்து ஓங்கிவிட்டார்.

எனக்குத் தெரியும். கண்ணாடியை உடைத்து உள்ளே போகலாம், ஆனால் வண்டியை எப்படிக் கிளப்புவது என்று இவர்கள் யாருக்கும் தெரியாது. தெரிந்தவள் நான் ஒருத்தி. சொன்னால் மாட்டிக்கொள்வேன், சொல்லாவிட்டால் தம்பி போய்விடுவான். ஒன்பது வயதில் அதற்கு மேல் யோசிக்க என்ன இருக்கிறது?

‘ஒடைக்காதீங்க பெரியப்பா. சாவிக்குள்ள ஒரு சாவி இருக்கு.’

எல்லாரும் திரும்பினார்கள். ‘யாரு சொன்னா?’ என்றார் பெரியப்பா.

‘புத்தகத்துல போட்டுருக்கு. முருகன் பக்கத்துல இருக்குல்லா, அதுல. நான்தான் எடுத்து வாசிச்சேன். நான்தான் அவனுக்குக் கடலை குடுத்தேன்.’

ஒன்றைச் சொல்ல வாயைத் திறந்ததும் இரண்டும் சேர்ந்து வந்துவிட்டது. பெரியம்மா நெஞ்சில் கையை வைத்துக்கொண்டாள். பெரியப்பா என்னையே பார்த்தார். அந்தப் பார்வையைக் கோபம் என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன். ‘நீ வாசிச்சியா?’ என்று கேட்டார், மெதுவாக. தலையை ஆட்டினேன். சாவியை என் கையில் கொடுத்தார்.

கொக்கியைத் தள்ளினேன், வரவில்லை. சந்தனம் காய்ந்து அப்பியிருந்தது. நகத்தால் சுரண்டிவிட்டு மறுபடி தள்ளினேன். உள்ளேயிருந்து மெலிசாக ஒரு இரும்புச் சாவி வந்தது, கூடவே இரண்டு சொட்டுப் புளித்தண்ணி. பெரியப்பா அதை வாங்கிக் கதவில் இருந்த துவாரத்தில் போட்டுத் திருகினார். அந்தத் துவாரம் சும்மா அழகுக்கு என்று அவர் சொல்லி நானே கேட்டிருக்கிறேன். கதவு திறந்தது. திறந்ததும் கார் ஊளையிட ஆரம்பித்தது, திருடன் என்று நினைத்துவிட்டது போல. அந்தக் கூச்சலுக்கு மேல் கத்திச் சொன்னேன், பிரேக்கை மிதிங்க, டப்பாவைப் பட்டன்மேல் வைத்து அமுக்குங்க என்று. பெரியப்பா நான் சொன்னதை அப்படியே செய்தார். ஊளை நின்றது. எஞ்சின் உறுமியது.

எலுமிச்சம்பழம் நாலும் நசுங்க, வாழைக்கன்று இரண்டும் தலையை ஆட்ட, மாலை பறக்க, அந்தக் கார் உப்பளத்து ரோட்டில் போன வேகம் அதற்கு முன்னும் போனதில்லை, பின்னும் போகவில்லை. முன்கண்ணாடியில் சந்தனப் பட்டை மறைத்தது. அண்ணாச்சி முன்சீட்டிலிருந்து கையை வெளியே விட்டுத் துண்டால் துடைத்துக்கொண்டே வந்தார். எதிரே வந்த உப்பு லாரிக்காரர்கள் சாமி ஊர்வலம் என்று நினைத்தார்களோ என்னவோ, ஒதுங்கி வழிவிட்டார்கள். நான் பின்னால் அம்மாவுக்கும் பெரியம்மாவுக்கும் நடுவில் நசுங்கிக்கொண்டு, விசில் கேட்கிறதா என்று மட்டும் கவனித்தேன். கேட்கிறவரைக்கும் அவன் இருக்கிறான்.

ஆஸ்பத்திரி வாசலில் பெரியப்பா குதித்து இறங்கி, சுற்றி ஓடி வந்து பின்கதவைத் திறந்தார். டாக்டர் அம்மா முதலில் கேட்டதே, என்ன தின்றான் என்றுதான். நிலக்கடலை என்று நானே சொன்னேன். எத்தனை நேரம் ஆயிற்று என்றார், அதையும் சொன்னேன். தெரிந்தது நல்லதாகப் போச்சு என்று சொல்லிவிட்டு அவனை உள்ளே கொண்டுபோனார்கள்.

வெளியே பெஞ்சில் பெரியப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. கடைசியில் நானே கேட்டேன், எனக்கு இனிமேல் படிப்பு வராதா என்று.

‘அது வண்டி புக்குல்லா. ஆயுத பூஜைக் கணக்குல வரும். சரஸ்வதி கணக்குல வராது’ என்றார்.

இவ்வளவு பெரிய படிப்பாளி சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பினேன். நம்பியதும்தான் எனக்கு அழுகையே வந்தது.

ஒரு மணி நேரம் கழித்துக் கதவு திறந்தது. நர்ஸ் ஒரு சின்னக் கிண்ணத்தில் அரைக் கடலையைக் கொண்டுவந்து காட்டினார். தொண்டைக்குள் குழாய் விட்டு எடுத்தார்களாம். உள்ளேயிருந்து தம்பி வீறிட்டு அழுகிற சத்தம் கேட்டது. விசில் இல்லாத, முழுசான, நல்ல அழுகை. போன உயிர் திரும்பி வந்தது என்று சொல்வார்கள். எங்கள் ஐந்து பேருக்கும் ஒரே நேரத்தில் வந்தது. அம்மா சிரித்தாள், அழுதாள், என் முதுகில் ஒன்று வைத்தாள், பிறகு என்னை விடவே இல்லை. அண்ணாச்சி அந்த அரைக் கடலையைக் குனிந்து பார்த்து, ‘இவ்வளவு போலதானா?’ என்று ஏமாந்தவர் போலக் கேட்டார். பெரியம்மா திருச்செந்தூருக்குத் தம்பிக்கு மொட்டை நேர்ந்துகொண்டதாகச் சொன்னாள். அவசரத்தில் எனக்கும் சேர்த்து நேர்ந்துவிட்டாளாம். அன்று நான் இரண்டாவது முறை அழுதது அதற்கு.

லீவெல்லாம் முடிந்து சாவியைக் கம்பெனியில் காட்டியபோது தண்ணீர் போயிருக்கிறது என்று சொன்னார்கள். நான் பக்கத்தில்தான் நின்றேன். வீட்டுக்கு வந்து பெரியப்பா பெரியம்மாவிடம், பேட்டரி தீர்ந்துபோச்சாம் என்றார். நான் வாயைத் திறக்கப் போனேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் பெட்டிப் பாம்பாக அடங்கினேன். வாளிப் புளித்தண்ணி விஷயம் பெரியம்மாவுக்கு இன்றுவரை தெரியாது.

நான் சொல்லவந்தது ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு நடந்தது. மறுநாள் விஜயதசமி. எல்லாரும் புத்தகத்தை எடுத்து ஒரு பக்கமாவது வாசிக்க வேண்டும். பெரியப்பா கயிற்று ரூமிலிருந்து கார் புத்தகத்தை எடுத்துவரச் சொன்னார். கறுப்பு பிரேம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, முதல் பக்கத்தைத் திறந்து என் முன்னால் வைத்து, ‘வாசி பாப்போம்’ என்றார். வாசித்தேன். ‘சும்மா வாசிச்சா ஆச்சா? தமிழ்ல என்னன்னு சொல்லு. தெரிஞ்சுதான் வாசிக்கியான்னு பாக்கேன்.’ சொன்னேன். ‘ம். சரியாத்தான் சொல்லுத’ என்றார்.

அதிலிருந்து தினமும் பள்ளிக்கூடம் போகும்போது காரில் ஒரு பக்கம். எனக்குப் பெருமை தாங்கவில்லை. இவ்வளவு படித்த பெரியப்பா வைக்கிற பரீட்சையில் ஒருநாள்கூட நான் தோற்கவில்லையே. பெட்ரோல் பங்கில் சரியான பக்கம் கொண்டுபோய் நிறுத்தியபோது பங்கில் இருந்தவர் வாயைப் பிளந்தார். ‘அம்புக்குறி போட்டுருக்காம்லா, பாக்கது கிடையாதா?’ என்று பெரியப்பா அவரைக் கேட்டார். பின்கதவு நெம்பையும் சரிசெய்தார். அடுத்த கல்யாண வீட்டில் பெரியம்மா தானே கதவைத் திறந்து இறங்க வேண்டியதாயிற்று. இறங்கியவள் முகம் போன போக்கைப் பார்த்து, வீட்டுக்கு வந்ததும் நெம்பைப் பழையபடி கீழே தள்ளிவிட்டார். ‘புத்தகத்துல போட்டுருக்கதெல்லாம் நம்ம வீட்டுக்கு ஒத்துவராது’ என்று என்னிடம் மட்டும் சொன்னார்.

கார் புத்தகம் தீர்ந்ததும் பாங்குக் கடிதம் வந்தது, இன்சூரன்ஸ் வந்தது, துறைமுகத்து நோட்டீஸ் வந்தது. எல்லாவற்றுக்கும் அதே கண்ணாடி, அதே ‘வாசி பாப்போம்’. பத்தாங்கிளாஸ் படிக்கும்போது, என்ன பெரியப்பா, வீட்டுப்பாடம் இல்லாத நேரத்திலும் பரீட்சையா என்று சலித்துக்கொண்டுகூட இருக்கிறேன். அவர் சிரித்துவிட்டு, படிச்சது மறக்கக் கூடாதுல்லா என்பார்.

இப்போது அந்தக் காருக்கு அடியெல்லாம் உப்புக்காற்றில் துரு. தம்பி பிளஸ் டூ. போன மாதம் முன்சீட்டில் கிடந்த பெரியப்பாவின் கண்ணாடிமேல் உட்கார்ந்து உடைத்துவிட்டான். அன்றைக்குப் பிழைத்த பிள்ளை இப்போது எழுபது கிலோ. லீவில் வந்திருந்த நான் கண்ணாடியைக் கடைக்கு எடுத்துப் போனேன். பவர் எழுதின சீட்டு இருக்கிறதா என்றார் கடைக்காரர். இல்லை என்றேன். உடையாத பக்கத்தை மெஷினில் வைத்துப் பார்த்தார். துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

‘இதுல பவரே இல்லையேக்கா. வெறும் கண்ணாடில்லா.’

தமிழ்ப் பேப்பருக்கு அந்தக் கண்ணாடி ஒருநாளும் பையைவிட்டு வெளியே வந்ததில்லை என்பது, பதினைந்து வருஷம் கழித்து, அந்தக் கடையின் ஸ்டூலில் உட்கார்ந்திருக்கும்போதுதான் எனக்கு உறைத்தது. கார் புத்தகமும் அப்படித்தான், முருகனுக்குப் பக்கத்தில் இருந்தால், இதில் என்ன எழுதியிருக்கிறது என்று யாரும் அவரைக் கேட்கப் போவதில்லை. அன்றைக்குச் சாவியை என் கையில் கொடுப்பதற்கு முன்னால் அவர் பார்த்த பார்வை கோபமே இல்லை.

டாக்டரிடம் காட்டிப் பவர் போட்டுவிடலாமா என்று கடைக்காரர் கேட்டார். வேண்டாம், எப்படி இருந்ததோ அப்படியே போடுங்கள் என்றேன்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து கொடுத்தேன். மாட்டிக்கொண்டு சுற்றிலும் பார்த்தார். ‘இப்பதான் நல்லாத் தெரியுது’ என்றார். சட்டைப் பையிலிருந்து ஒரு இன்சூரன்ஸ் கடிதத்தை எடுத்து முன்னும் பின்னும் திருப்பி, ‘ம்’ என்று சொல்லி என்னிடம் நீட்டினார். ‘வேலைக்குப் போன பெறவு இங்கிலீஷ் மறந்துட்டியா என்னன்னு பாப்போம். வாசி.’

வாசித்தேன். அவர் கேட்பதற்கு முன்பே, ஒவ்வொரு வரிக்கும் நிறுத்தி, நிதானமாக, தமிழில் சொன்னேன். ஒன்றையும் விடவில்லை. தலையை ஆட்டிக்கொண்டே கடைசி வரி வரைக்கும் கேட்டார்.

‘சரியாத்தான் சொல்லுத’ என்றார்.